கொப்பியில் எழுதிய கடன்

மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, ஒருபுறம் வாவியும் மறுபுறம் வங்கக் கடலுமாக ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணற்றிட்டிக்கு நாவலடி என்று பெயர். இப்பக்கத்தில் பிறந்து வளர்ந்தோருக்கு அதனைச் சொல்லவேண்டியதில்லை. ஏனைய ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறோம். வாசற்கதவைத் திறந்தால் கடல். கொல்லைப்புறம் சென்றால் வாவி. இரண்டு நீரிலும் வலை போட அறிந்த மக்கள் அங்கு வாழ்ந்தார்கள். கடல் கொந்தளித்தால் வாவியில் இறால் இருக்கும். வாவியில் மீன் குறைந்தால் கடலில் சூடை இருக்கும். கையில் காசில்லாத நாள் உண்டு, சட்டியில் கறியில்லாத நாள் இல்லை என்று அவர்கள் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள், பூரணை ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழிப்பேரலை அந்தத் திட்டியை மூடிச் சென்றது. இலங்கைத் தீவில் அன்று முப்பதினாயிரம் பேருக்குமேல் மாண்டனர். நாவலடியில் சாவு நேராத வீடு அரிது. அந்நாளைப் பற்றி மேலும் எழுத எம் பேனா இன்றும் கூசுகிறது. நாம் எழுத வந்தது அதன் பின்னர் நடந்ததைப் பற்றியே.

உயிர் தப்பியோர் பாடசாலைகளிலும் கோயில் மடங்களிலும் தங்கினர். கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசு விதித்தது. அவ்விதி பிற்பாடு தளர்ந்ததாயினும், அதற்குள் நாவலடி, டச்பார் மக்கள் பலருக்கு நகரின் வடக்கே திராய்மடுவில் காணி அளந்தாயிற்று. முதலில் கூடாரம், அடுத்துத் தகரக் கொட்டில், அதன்பின் கல்வீடு. திராய் என்பது ஈரநிலத்தில் படரும் ஒரு கீரை. மடு என்பது நீர் தேங்கும் பள்ளம். ஊரின் பெயருக்குப் பொருள் என்னவென்று யாரேனும் ஒருவர் கேட்டிருந்தால், மாரியில் அங்கு என்ன நடக்கும் என்பது முன்பே விளங்கியிருக்கும். கேட்காதபடியால் முதல் மாரி வந்து விளக்கிற்று.

அயலவர் யார் என்பதையும் கூறவேண்டும். சத்துருக்கொண்டான், பனிச்சையடி, பிள்ளையாரடி, கொக்குவில் ஆகிய ஊர்கள் அவை. 1990 செப்டெம்பர் 9ஆம் நாள் அவ்வூர்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்; பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். எஞ்சியோர் பலர் பதினைந்து ஆண்டாகியும் ஓலைக் குடிலிலேயே இருந்தனர். அவர்கள் கண்ணெதிரே புதியவர்களுக்கு ஓட்டு வீடும் குளியலறையும் எழுந்தன. உதவி நிறுவனங்கள் பலவற்றுக்கு வேலியின் மறுபுறம் பார்க்க வழியில்லை. அவை கொணர்ந்த பணம் கடற்கோளுக்கென்றே ஒதுக்கப்பட்ட பணம். பனிச்சையடியில் ஓர் ஆச்சி எம்மிடம் கேட்டார்: “கடல் அழிச்சா கல்வீடு. சண்டை அழிச்சா நாங்க ஆர் பெத்த பிள்ளையள், மாஸ்டர்?” எம்மிடம் விடை இருக்கவில்லை.

நாமும் ஆசிரிய நண்பர் நால்வரும் அக்காலத்தில் வாரந்தோறும் திராய்மடுவுக்குச் சென்று வந்தோம். அரிசி, பருப்பு, பிள்ளைகளுக்குப் புத்தகம் என்று கொண்டு சென்றோம். சில மாதங்களில் இது போதாது, இவர்கள் சொந்தக் காலில் நிற்கவேண்டும் என்ற ஞானம் பிறந்தது. பெண்களுக்குத் தொழில் என்றால் தையல் என்பது எம் போன்றோர் மனத்தில் எங்ஙனமோ ஊறிப்போன ஒன்று. கொழும்பில் உள்ள அன்பர் ஒருவருக்கு எழுதினோம். பன்னிரண்டு தையல் இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. மூன்று மாதம் பயிற்சியும் நடந்தது. பன்னிரண்டு பேரும் பாவாடை தைத்தார்கள். ஒரே ஒழுங்கையில் பன்னிரண்டு பேர் தைத்த பாவாடையை வாங்குவோர் யார் என்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. ஆறு மாதத்தில் எட்டு இயந்திரங்கள் அடகுக்கும் விலைக்கும் போயின. எமக்குக் கோபம் வந்தது. நன்றியில்லாத சனம் என்று வீட்டிலே சொல்லியும் விட்டோம்.

ஆண்களின் கதையும் இதற்கு இளைத்ததன்று. அந்நாட்களில் இக்கரை நெடுகப் படகு கொடுப்பது ஒரு வழக்கமாயிற்று. கடலுக்கே போகாத சிலருக்குப் படகு கிடைத்தது. போனவர் சிலருக்குக் கிடைத்ததோ அலைக்கு ஆகாத படகு. கொடுத்தவர் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. கரைவலை இழுத்துப் பழகியவனுக்கு ஒற்றைப் படகு எதற்கு? கரைவலைக்கு இருபது முப்பது கை வேண்டும்; வலை வைக்க வாடி வேண்டும்; விடியுமுன் கரையில் நிற்கவேண்டும். திராய்மடுவிலிருந்து அவ்வேளையில் நாவலடிக்கு எப்படிப் போவது என்பதற்கு எந்தத் திட்டத்திலும் இடமிருக்கவில்லை.

இயந்திரத்தை விற்ற பெண்மணி ஒருவரிடம் காரணம் கேட்கச் சென்றோம். கணவனையும் இளைய மகளையும் கடலுக்குக் கொடுத்தவர் அவர். எம் தோரணை நல்லதாய் இருந்திராது. அவர் உள்ளே போய், விற்ற பணத்தில் வாங்கிய தராசையும் மீன்பெட்டியையும் தூக்கிவந்து எம் முன்னே வைத்தார்.

“மாஸ்டர், பத்து வயசில இருந்து மீன் வித்தவள் நான். தைக்கச் சொன்னீங்க, தைச்சன். உனக்கு என்ன தெரியும் எண்டு ஒருத்தரும் கேக்கல்லையே.”

1990ஆம் ஆண்டு எம் குடும்பமே ஒரு பாடசாலைக் கட்டடத்தில் சில மாதம் அகதியாகக் கிடந்தது. கதியற்றவன் என்பதே அச்சொல்லின் பொருள். அரிசிக்கு வரிசையில் நின்றபோது, இவர் ஓர் ஆசிரியர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாமே என்று எவரேனும் எம்மைக் கேட்கமாட்டாரா என்று மனம் தவித்தது நினைவிருக்கிறது. வாங்கும் கை கொடுக்கும் கையானதும் அந்நினைவு எங்கோ போய்விட்டது.

அன்று மாலை வரை அப்பெண்மணியின் திண்ணையில் இருந்து கேட்டோம். அவரும் இன்னும் ஐவரும் மீன் விற்க அறிந்தவர்கள். கரைவலையில் படும் மீனை விடியற்காலையில் நாவலடியில் வாங்கவேண்டும். கல்லடிப் பாலத்தால் சுற்றிவரின் தூரம் அதிகம். அவ்வேளை பஸ்ஸும் இல்லை. ஆனால் முகத்துவாரத்தைத் தோணியில் கடந்து பாலமீன்மடுவில் இறங்கினால், அங்கிருந்து ஒரு லாண்ட்மாஸ்டரில் ஊருக்கு வந்துவிடலாம். தோணிக்காரர் உறவினர்தாம். இல்லாதது கைமுதல். வட்டிக்குத் தரும் முதலாளியிடம் வாங்கினால் மீனையும் அவர் சொன்ன விலைக்கே அவரிடம் கொடுக்கவேண்டும்.

ஆளுக்கு ஐயாயிரம் ரூபா, மொத்தம் முப்பதாயிரம். மகளின் திருமணத்துக்கென ஒதுக்கி வைத்திருந்ததிலிருந்து எடுத்தோம். தானமாகவே கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணம். பெண்மணி ஒப்பவில்லை. “சும்மா வந்தது போதும். ஒரு கொப்பியில எழுதுங்க, மாஸ்டர்” என்றார். எண்பது பக்கப் பாடசாலைக் கொப்பி ஒன்றில் ஆறு பெயரும் எழுதினோம்.

முதற் சில மாதம் வாரந்தோறும் பணம் ஒழுங்காக வந்தது. பின் போர் மீண்டும் மூண்டது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் கடற்றொழிலுக்குத் தடைகளும் கட்டுப்பாடுகளும் வந்தன. படுவான்கரையிலிருந்து பெருந்திரளான மக்கள் வாவி கடந்து எழுவான்கரைக்கு அகதிகளாக வந்தார்கள். விடியற்காலையில் தோணி ஓட்ட யார் துணிவர்? கொப்பியில் அக்காலத்துப் பக்கங்கள் பெரும்பாலும் வெறுமை. மகளுக்கு வரன் பேசி வந்த வேளையும் அதுவே. எம் இல்லாள் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை; கொப்பியை மட்டும் அடிக்கடி எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போவார்.

கடல் அடைபட்ட நாட்களில் அப்பெண்கள் வாவியை நாடினார்கள். வீச்சுவலைக்காரரிடம் நண்டும் இறாலும் சில்லறையாக வாங்கி விற்றார்கள். இருவர் தாக்குப்பிடிக்கவில்லை. ஒருவர் கட்டடக் கூலிவேலைக்குப் போனார்; சிறுகச் சிறுகக் கடனை அடைத்தார். மற்றவர் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குச் சென்றவர், கடனும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. அவர் பெயருக்கு நேரே நாம் இன்னும் கோடு இழுக்கவில்லை.

இதற்கிடையில் நாம் எதிர்பாராத ஒன்று நடந்தது. பனிச்சையடி, பிள்ளையாரடிப் பெண்களுக்கு அதுவரை நல்ல மீன் வேண்டுமென்றால் நகரத்துச் சந்தைக்குப் போகவேண்டும். இப்போது காலையிலேயே படலையடியில் மீன் வந்து நின்றது. முன்னர் சொன்ன ஆச்சி முதல் மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த மாதம் விலை கேட்டு, கூடிப்போச்சு என்று ஏசினார். அதற்கடுத்த மாதம் கடனுக்குச் சூடை வாங்கினார். திராய்மடுக் கிணற்றில் நீர் உவர்த்தபோது, குடிநீர் அள்ளத் தம் வளவுக் கிணற்றைத் திறந்துவிட்டார். வீடு கொடுக்க அரசால் ஆகும். கடன் கொடுக்கவும் கடன் வாங்கவும் ஊரால் மட்டுமே ஆகும் என்பதை நாம் கண்ணாரக் கண்டது அந்தப் படலையடியிலேதான்.

2011 சனவரியில் மட்டக்களப்பைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, பெண்மணியின் வீட்டுச் சாமான்கள் ஏறியிருந்த இடம் ஆச்சியின் மேட்டு வளவு. ஆச்சிக்குக் கல்வீடு கடைசிவரை வரவில்லை.

பழைய தொழிலையே பிடித்திருக்கவேண்டும் என்பது எம் வாதமன்று. 1961இல் மைசூர் நாட்டுப் பைலகுப்பையில் திபெத்திய அகதிகளைக் குடியேற்றியபோது உழுவதற்கு நிலமும் கொடுத்தார்கள். மலையில் மந்தை மேய்த்தோர் பலர் அங்கே காட்டை வெட்டிச் சோளம் விதைத்தார்கள். கூட்டுறவுச் சங்கமும் நடத்தினார்கள். திராய்மடுவிலும் இளைஞர் பலர் மேசன் வேலைக்கும் கடைக்கும் போய்விட்டனர். அப்பெண்மணியின் மகனே கடலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் அதனைத் தானே தீர்மானித்தான். எவரும் அவன் கையில் ஊசியைத் திணிக்கவில்லை.

மகளின் திருமணம் 2009இல் நடந்தது. கடைசித் தவணையை அப்பெண்மணி பந்தலுக்கே கொண்டுவந்து, இல்லாளின் கையில் எண்ணிக் கொடுத்தார். விருந்துக்கு மீன் வாங்காததற்காக எம்மை ஏசவும் செய்தார். கல்யாண வீட்டில் மரக்கறிதானே என்றால் கேட்டால்தானே!

ஒருவரும் விரும்பாத அந்தப் பள்ளத்தில் இன்று மாவட்டச் செயலகத்தின் புதிய கட்டடம் நிற்கிறது. காணி விலை கேட்டால் மயக்கம் வரும். பெண்மணிக்கு அறுபது தாண்டிவிட்டது. தராசு மின்தராசாகிவிட்டது. எனினும் கடன் கணக்கு எழுத அவரும் எண்பது பக்கக் கொப்பி ஒன்றையே வைத்திருக்கிறார். சென்ற வாரத்துச் சூடைக்கும் அரைக் கிலோ இறாலுக்கும் எம் பெயர் அதில் ஏறியிருக்கிறது. எமக்கு ஓய்வூதியம் வரும் திகதியை அவர் எம்மைவிட நன்கறிவார்.