ஒரு பேர்ச் காணியும் நம் பெண் பிள்ளைகளும்



போன கிழமை இஷா தொழுதுவிட்டு வெளியே வந்தபோது பள்ளி வாசலில் நாலு பேர் நின்று வாக்குவாதப்பட்டுக் கொண்டிருந்தார்கள். மருதமுனையில் காணி விலை ஏறுதா, இறங்குதா, அப்படியே நிக்குதா?

"ஏறிட்டுத்தான் போகுது" என்றார் ஒருவர். "சும்மா சொல்லாதீங்க, விக்கிறவனுக்கு நட்டம்தான்" என்றார் அடுத்தவர். "ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல" என்றார் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்தவர். நாலாவது ஆள் ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "எனக்கு மூணு பொம்புளப் புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து நாங்கள் இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இருவருமே கல்வியியற் கல்லூரியில் படித்து ஆசிரியரானவர்கள். கணக்கென்றால் விடமாட்டோம்.

நெருக்கடிக்கு முன்னர் ஒரு பேர்ச் 10 இலட்சம், இப்போது 15 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்த தொகைதான். உண்மை விலை வீதிக்கு வீதி வேறு.

எங்களைப் போல ரூபாயில் சம்பளம் எடுப்பவருக்கு 5 இலட்சம் கூடிவிட்டது. 2022இன் கடைசியில் வங்கிக் கடன் வட்டியும் 25 வீதத்தைத் தாண்டியிருந்தது. ஆக, முதலாமவர் சொன்னது சரி.

காணியை விற்றவரைப் பாருங்கள். 2022 செப்டெம்பரில் சாமான் விலை முந்திய வருடத்தைவிடச் சுமார் 70 வீதம் கூடியிருந்தது. அதன் பிறகு விலை ஏறும் வேகம் குறைந்ததே தவிர, சாமான்கள் பழைய விலைக்கு வரவில்லை. அன்று 9 இலட்சத்துக்கு வாங்கிய சாமானை இன்று 15 இலட்சத்துக்கு வாங்க முடியாது. ரெண்டாமவர் சொன்னதும் சரி.

சவூதியில் உழைப்பவருக்கு? 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் நின்றது. அந்தக் கணக்கில் 10 இலட்சம் என்றால் 18,750 ரியால். டொலர் 300 ரூபாயென்று வைத்தால், 15 இலட்சமும் அதே 18,750 ரியால்தான். மூன்றாமவரும் சரி.

ஒரே காணிதான். மூன்று பேருக்கு மூன்று விலை.

ஆனால் நாலாவது ஆளின் கணக்கு எங்களுக்குச் சரிவரவில்லை. ரூபாயில் உழைக்கும் ஒருவருக்கு இந்த விலை கட்டாது. வாங்குவது கஷ்டமென்றால் விலை இறங்க வேண்டுமே, ஏன் இறங்கவில்லை?

ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. கிழக்கே கடல், மேற்கே வயல், வடக்கே பெரியநீலாவணை, தெற்கே பாண்டிருப்பு. ஊர் வளர இடமில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியில்லாமல் வயலை நிரப்பவும் முடியாது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போனது. அப்போது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கரையோரம் வீடு கட்டக் கூடாதென்று தூரம் அளந்தார்கள். கிழக்கு மாகாணத்துக்கு முதலில் 200 மீற்றர் என்றார்கள், பிறகு குறைத்தார்கள். இருந்த கொஞ்சக் காணியிலும் கொஞ்சம் போயிற்று.

ரெண்டாவது காரணத்தை நாம் வெளியே பேசுவதில்லை. நம்மூரில் காணியை வாங்குவது யார்? வியாபாரிகள் சிலர் இருக்கலாம். மிச்சம் எல்லாம் பெண் பிள்ளையின் வாப்பாமார். மாப்பிள்ளை வந்து குடியிருக்க வீடு வேண்டும். மற்ற ஊர்களில் விலை கூடினால் "பொறுத்து வாங்குவோம்" என்று ஆட்கள் நின்றுவிடுவார்கள். 24 வயது மகளை வைத்திருக்கும் வாப்பா எப்படிப் பொறுப்பார்? கடன் பட்டாவது, கட்டாருக்குப் போயாவது, வயலை விற்றாவது வாங்குவார். என்ன விலைக்கும் வாங்கித்தான் ஆக வேண்டிய ஆட்கள் இருக்கும் ஊரில் விலை எப்படி இறங்கும்?

நாங்கள் குடியிருக்கும் இந்த வீடும் அப்படி வந்ததுதான். மாமா தறிகாரர். சாரன் நெய்து ரெண்டு பெண் பிள்ளைகளுக்கு வீடு கட்டினார். ரெண்டாவது வீட்டுக்கு இடம் காணாமல் தறிக் கொட்டிலைப் பிரித்து அந்த இடத்தில் அத்திவாரம் போட்டார். அதற்குப் பிறகு அவர் நெய்யவில்லை. எங்கள் படுக்கையறை இருக்கும் இடத்தில்தான் அவருடைய தறி இருந்தது. பத்து வருடமாக அதில் படுத்தெழும்புகிறோம், ஒருநாளும் யோசித்ததில்லை.

இந்த மாதம் எங்கள் வீட்டுத் தம்பிக்குப் பெண் பேசுகிறார்கள். நல்ல பிள்ளை, படித்த பிள்ளை. உம்மா கேட்ட முதல் கேள்வி, "வீடு முடிஞ்சிட்டா?" முடியவில்லை. லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. 2021இன் நடுவில் 1,000 ரூபாயை அண்டியிருந்த சீமெந்துப் பக்கட் மறுவருடம் 2,500ஐத் தாண்டியதோடு நின்ற வேலை.

"உம்மா, வீட்டப் பத்திக் கேக்க வேணாமே" என்றோம்.

உம்மா எங்களை ஒரு பார்வை பார்த்தார். "உங்களுக்குப் பேசக்குள்ள நான் கேட்டன்தானே. அப்ப வாய் தொறக்கல்லியே?"

பதில் இல்லை. உம்மா சொன்னது சரி.

மஹர் கொடுக்க வேண்டியது மாப்பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் இஸ்லாம் பாடத்தில் படிப்பிக்கிறோம். பிள்ளைகளும் சரியாக எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள்.

வீடே கொடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நம்ம பகுதியில் வீடு பெண்ணின் பேரில் இருப்பதால் எத்தனையோ பெண்கள் நடுத்தெருவுக்கு வராமல் தப்பியிருக்கிறார்கள். அது நல்ல வழக்கம், இருக்கட்டும். ஆனால் அதைக் கட்டும் பாரம் ஏன் ஒரு வாப்பாவின் தலையில் மட்டும்? மாப்பிள்ளையும் உழைக்கிறான்தானே. கலியாணத்துக்குப் பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து மெல்ல மெல்லக் கட்டட்டும். அதுவரைக்கும் வாடகைக்கு இருந்தால் யாருடைய மரியாதை குறைந்துவிடும்?

ரெண்டு நாள் கழித்து உம்மாவிடம் மறுபடியும் பேசினோம். லிண்டலுக்கு மேலே உள்ள வேலையைத் தம்பி பார்க்கட்டும், எங்கள் சம்பளத்தில் மாதம் ஒரு தொகை நாங்களும் போடுகிறோம் என்றோம். உம்மா "யோசிப்பம்" என்றார். இதுவரை வேறொன்றும் சொல்லவில்லை.

எங்களுக்கும் ரெண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு எட்டு வயது. இருப்பது ஆறு பேர்ச் காணி.

ஆண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காணி விலையை நம்மால் இறக்க முடியாது. அந்த முதல் கேள்வியைக் கேட்காமல் விட முடியும்.