நல்லாத்தான் இருக்கேன்

பிள்ளைகளே, பிறரிடம் சொல்லும் பொய் எப்படியும் ஒரு நாள் பிடிபட்டுவிடும். தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பொய்யோ ஆளோடு சேர்ந்து கிழடாகும். சுரங்கத் தொழிலாளியின் மகளாகக் கோலார் தங்கவயலின் பாலகாட்டில் வளர்ந்து, இந்த மண்ணிலேயே முதுமையும் கண்டவள் நான். இங்கே பார்த்தவரை, அந்தப் பொய்யை எவரும் சொந்தமாக இயற்றுவதில்லை. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று ஊரே ஆயத்தமாக வைத்திருக்கிறது.

ஆண்களின் பொய்யை முதலில் சொல்கிறேன். தங்கவயலின் வட முனையில் நம் பாலகாட். அதற்குத் தெற்கே நந்திதுர்க்கம், உரிகம், சாம்பியன், மைசூர் என்று சுரங்கங்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து நம் முன்னோர் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சாம்பியனில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தார்கள். பூமியின் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும். ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே, தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் அடுக்கிய பாத்திரம் உருளும். யார் வீட்டு ஆள் என்று தெரியும்வரை ஒரு பெண்ணும் அடுப்பு மூட்டமாட்டாள்.

அந்த ஆழத்துக்குப் போகிறவன் ஒவ்வொரு ஷிப்ட்டிலும் அஞ்சிக்கொண்டிருந்தால் கீழே இறக்கும் கேஜில் கால் வைக்க முடியாது. 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்ற எண்ணம் அவனுக்கு வேண்டியிருந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்த எண்ணத்தில்தான் எங்கள் வீடுகளில் உலை கொதித்தது. மேலே வந்த பிறகும் அதை விட்டுவிடாமல் இருந்ததுதான் வினையாயிற்று.

எங்கள் லைனில் ஒரு பெரியவர், பாறையில் துளை போடுகிறவர். இரவெல்லாம் இருமுவார். கேட்டால் பீடி என்பார், மார்கழிப் பனி என்பார், ஒருநாளும் தூசி என்று சொன்னதில்லை. 1940-களிலேயே இந்தச் சுரங்கங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்து, நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் நுரையீரலில் சிலிகோசிஸ் இருப்பதைக் கண்டிருந்தார்கள். கல்தூசி நுரையீரலில் படிந்து, அதைத் தழும்பாக்கி இறுக்கும் நோய் அது; வந்தால் போகாது. ஊரில் இது தெரியாத ஆண் இல்லை. ஆனாலும் எக்ஸ்ரே என்றதும் பெரியவர் நழுவிவிடுவார். நோய் என்று எழுதிவிட்டால் கீழ் வேலை போகும், சம்பளம் குறையும், அதைவிட 'அவன் முடியாதவன்' என்ற பெயர் வரும். 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து, வெள்ளைக்காரக் கம்பெனியின் முன் வேலைநிறுத்தம் செய்து நின்ற ஆட்களின் வழி வந்தவர் அவர். துரையை எதிர்க்கிற துணிவை ஊர் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. 'எனக்கு உடம்பு முடியவில்லை' என்று சொல்லும் துணிவை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

பெண்களின் பொய் வேறு விதம். ஆண் தன் அச்சத்தை மறைக்கிறான். பெண் தன் தேவையை மறைக்கிறாள். அந்தப் பெரியவரின் மனைவி எல்லோரும் உண்ட பிறகு சட்டியை வழித்துக்கொண்டு, "எனக்குப் பசியே இல்லை" என்பார். அவர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று நினைக்காதீர்கள். பல வருடம் சொல்லிச் சொல்லி, பசி என்ற ஒன்று தனக்கு இருப்பதையே அவர் நம்ப மறுத்துவிட்டார்.

இது எங்கள் லைனோடு நின்ற கதையும் அல்ல. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944-இல், கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் ஓர் ஆய்வு நடந்தது. துணையை இழந்தவர்களிடம் உடல்நிலை எப்படி என்று கேட்டார்கள். ஆண்களில் நூற்றுக்கு 48.5 பேர் நோயென்றோ, உடம்பு சுமார்தான் என்றோ சொன்னார்கள். அப்படிச் சொன்ன விதவைகள் நூற்றுக்கு 2.5 பேர்தான். 'சுமார்தான்' என்று சொன்ன விதவை ஒருத்திகூட இல்லை. அந்தக் கால வங்காளத்தில் விதவைகள் எப்படி உண்டார்கள், எப்படி உடுத்தார்கள் என்று அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு நெஞ்சை அறுக்கும். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் இதைத் தம் எழுத்துகளில் எடுத்துக்காட்டினார். ஒடுங்கியே வாழ்ந்தவள் தன் குறையைக் குறையென்று உணர்வதையும் விட்டுவிடுகிறாள். ஆகையால் அவள் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து அவள் நலத்தை அளக்கக்கூடாது என்பது அவர் வாதம். கேட்டவர்கள் எந்தக் கெட்ட எண்ணத்தோடும் கேட்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்வி அவளிடம் போய்ச் சேரவில்லை.

ஆண்கள் பக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் முப்பத்தைந்தாயிரம் குடும்பங்களின் பங்குச்சந்தைக் கணக்குகளை பார்பர், ஓடியன் என்ற இருவர் ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். ஆண்கள் பெண்களைவிட 45 விழுக்காடு அதிகமாக வாங்கி விற்றார்கள். அதனாலேயே அதிகம் இழந்தார்கள். தனக்குத் தெரியும் என்ற எண்ணம் அங்கேயும் ஆணின் சொத்தாகத்தான் இருக்கிறது.

அதே 2001 பிப்ரவரி கடைசியில்தான் நம் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு நான் கண்டதுதான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது. ஆண்கள் 'திறந்துவிடுவார்கள்' என்றார்கள். தேர்தல் வந்தால் திறக்கும் என்றார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் சுரங்கத்துக்கான டெண்டருக்கு வழிவிட்டதும் மறுபடி கண்களில் வெளிச்சம் வந்தது. பெண்கள் அதை நம்பவில்லை. ஆனால் நம்பவில்லை என்று சொல்லவும் இல்லை. "பாவம், அந்த நினைப்பிலாவது இருக்கட்டும்" என்று விட்டுவிட்டு, விடியலில் மாரிகுப்பம் ரயிலேறிப் பெங்களூருக்குக் கார்மெண்ட்ஸ் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள். அந்தச் சம்பளத்தில் பள்ளிக் கட்டணம் கட்டினார்கள், அரிசி வாங்கினார்கள், மூத்தவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அப்படியும் என் தெருவில் ஒரு பெண், "ஏதோ கைச்செலவுக்குப் போறேன்" என்றுதான் கடைசிவரை சொன்னாள். கணவனும் அப்படியே சொன்னான். குடும்பத் தலைவன் தான்தான் என்ற அவன் பொய்யும், தான் ஒன்றும் செய்யவில்லை என்ற அவள் பொய்யும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. ஒன்றை எடுத்தால் மற்றது விழும் என்று இருவருக்கும் உள்ளூரத் தெரியும். அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்தபோது, வேலைக்கு லீவு போட்டால் வீடு என்னாகும் என்று அவர்களால் பேசிக்கொள்ளக்கூட முடியவில்லை. அவள் சம்பளத்தில் வீடு நடக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததே! ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதமானது அதனால்தான்.

பொறுமையை விடச் சொல்லவில்லை நான். பொறுமை இல்லாமல் இந்த ஊரில் ஒரு குடும்பமும் மிஞ்சியிருக்காது. ஆனால் சுமை எவ்வளவு என்று அறிந்து சுமப்பதுதான் பொறுமை. சுமையே இல்லை என்று சொல்லிக்கொண்டு சுமந்தால் முதுகு ஒடிகிற நாளில்தான் எடை தெரியும்.

உங்களில் பலர் இன்று பெங்களூரில் கணினி முன் வேலை செய்கிறீர்கள். ஊர் கொடுத்த பொய் ரயிலேறி உங்களோடும் வந்திருக்கிறது. கடன் கழுத்தை நெரிக்கும்போதும் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வீட்டில் வாய் திறக்காத மகனைப் பார்க்கிறேன். வேலை முடித்து வந்து அடுப்படியில் நின்றபடியே தின்று, 'எனக்கு இது பழகிவிட்டது' என்கிற மகளையும் பார்க்கிறேன்.

இந்த ஞாயிறு ஊருக்கு வரும்போது அம்மாவிடம் "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரே பதில்தான் வரும். நேற்று இரவு என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய், கடைசியாக ரத்தம் சோதித்தது எந்த மாதம் என்று கேளுங்கள். அப்பாவிடம் இருமல் எப்படி என்று கேட்க வேண்டாம். மாடி ஏறும்போது எத்தனையாவது படியில் நிற்கிறார் என்று கூடவே ஏறிப் பாருங்கள். பிறகு, அவர் மறுத்தாலும், எக்ஸ்ரேவுக்கு நீங்களே கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.