விலாசம் தெரிந்த பறவை

வான்கோழியைப் போல விலாசம் தவறிப்போன பிராணி உலகத்தில் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகந்தான். ஆங்கிலேயர்கள் அதைத் துருக்கியோடு முடிச்சுப் போட்டு 'டர்க்கி' என்று பெயர் வைத்தார்கள். துருக்கியர்களோ, 'எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது இந்தியாவின் சரக்கு' என்று சொல்வதுபோல் 'ஹிந்தி' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயருக்கும் 'இந்தியாவிலிருந்து வந்தது' என்றே பொருள். டச்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், நம் கள்ளிக்கோட்டையின் பெயரையே சிதைத்துக் 'கல்கூன்' என்று அழைக்கிறார்கள். போர்த்துகீசியரைக் கேட்டால் 'பெரு' என்பார்கள். வாஸ்தவத்தில் அது மெக்ஸிகோவில் மனிதனோடு பழகிய பறவை. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள்.

இந்த ஆராய்ச்சியில் எனக்குச் சிரத்தை பிறந்ததற்குக் காரணம் என் தம்பி. நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி நகரத்துக்கு அருகில் அவன் குடியிருக்கிறான். 2023-ஆம் ஆண்டு அக்டோபரிலும் நவம்பரிலும் அவன் வீட்டில் தங்கியிருந்தேன். நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை அமெரிக்கர்களுக்கு நன்றி நவிலும் நாள். 1863-இல் ஆபிரகாம் லிங்கன் பிரகடனம் செய்தார். 1941-இல் சட்டமே போட்டு நான்காவது வியாழன் என்று நிச்சயித்தார்கள். நம் பொங்கலுக்குக் கரும்பு எப்படியோ, அப்படி அந்தப் பண்டிகைக்கு வான்கோழி.

தம்பி அந்த வருஷம் வான்கோழியைக் கடையில் வாங்குவதில்லை என்று தீர்மானித்திருந்தான். ஹட்ஸன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஒரு மணி நேரக் கார்ப் பிரயாணத் தொலைவில், மேய்ச்சல் நிலத்தில் வான்கோழி வளர்க்கும் ஓர் அம்மையாரிடம் முன்பணம் கட்டியிருந்தான். விலை பவுண்டுக்கு ஒன்பது டாலர்.

"அத்தான், நீங்களாவது சொல்லக் கூடாதா? கடையில் பவுண்டு ஒரு டாலருக்குக் கிடைக்கிறது. சில கடையில் மற்றச் சாமான் நிறைய வாங்கினால் சும்மாவே கொடுக்கிறான்" என்று தம்பியின் மனைவி என்னிடம் முறையிட்டாள்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பண்டிகை வாரத்தில் அங்கே பெரிய கடைக்காரர்கள் வான்கோழியை வாங்கின விலைக்கும் குறைவாக விற்கிறார்கள். மீனைப் பிடிக்கத் தூண்டிலில் புழுவைக் கோப்பதில்லையா, அது மாதிரி. வான்கோழிக்காக உள்ளே நுழைந்தவர் வெண்ணெய், உருளைக்கிழங்கு, பூசணிப் பணியாரம் எல்லாம் வாங்காமல் வெளியே வரமாட்டார்.

"முதலில் போய்ப் பார்க்கலாம்" என்றேன். அண்ணனாகப் பிறந்தவன் வேறு என்ன சொல்ல முடியும்?

அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போனோம். மேப்பிள் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாகத் தகதகத்துக்கொண்டிருந்தன. சரிவான புல்வெளியில் மின்சாரம் பாயும் வலைவேலி. அதற்குள்ளே எண்பது வான்கோழிகள். காரின் கதவை நான் கொஞ்சம் பலமாகச் சாத்திவிட்டேன். உடனே சேவல்கள் அத்தனையும் ஒரே குரலில் 'களகள'வென்று பதில் சொல்லின. தம்பி மகள், ஏழு வயதுக் குழந்தை, விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் கை தட்டுவாள், அவை கத்தும். மறுபடியும் தட்டுவாள், மறுபடியும் கத்தும். பெரிய சேவல் ஒன்றின் மொட்டைத் தலை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறியது.

அம்மையாருக்கு அறுபது வயதிருக்கும். ரப்பர் பூட்ஸும் கிழிந்த கோட்டுமாக வந்தார். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒளிவு மறைவில்லாமல் பதில் சொன்னார். இவை நாரகான்ஸெட் என்னும் பழைய இனம். ஏப்ரலில், பிறந்து ஒரே நாளான குஞ்சுகளாகத் தபாலில் வந்து சேர்ந்தன. ஆம், தபாலில்தான்! 1918 முதல் அமெரிக்கத் தபால் இலாகா கோழிக் குஞ்சுகளைப் பட்டுவாடா செய்கிறது. முட்டைக்குள் மிச்சமிருந்த மஞ்சள் கருவை வயிற்றில் வைத்துக்கொண்டே குஞ்சு பிறப்பதால் இரண்டு மூன்று நாள் தீனியில்லாமல் தாங்கும். வந்த பிறகு வெப்ப விளக்கின் அடியில் 95 டிகிரிச் சூட்டில் வைத்து, ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் தோய்த்துக் குடிக்கக் கற்றுத்தர வேண்டும். தீனி கண்ணெதிரே இருந்தாலும் தின்னத் தெரியாமல் செத்துப் போகிற குஞ்சு உண்டாம்.

"புல்லை மட்டும் தின்று வளர்ந்த வான்கோழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்" என்றார் அம்மையார். "புல்லும் வெட்டுக்கிளியும் கொஞ்சந்தான். மக்காச்சோளமும் சோயாவும் நான் விலை கொடுத்து வாங்கிப் போடுகிறேன். 'வெளியே திரிய விட்டது' என்று அட்டையில் அச்சடித்திருந்தால், வெளியே போக வழி இருந்தது என்றுதான் அர்த்தம். போனதா என்பதை நேரில் வந்துதான் பார்க்க வேண்டும்."

கடைகளில் விற்பது பெரும்பாலும் மார்பு அகன்ற வெள்ளை இனம். நாலைந்து மாதத்தில் எடைக்கு வந்துவிடும். நாரகான்ஸெட்டுக்கு ஏழு மாதம் பிடிக்கும். வெள்ளை இனத்துக்கு மார்புச் சதை அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டபடியால் ஆணும் பெண்ணும் இயற்கையாகச் சேர முடியாது. மனிதன் ஊசி வைத்துத்தான் வம்சம் விருத்தியாகிறது. மலிவு என்பது சும்மா வருவதல்ல. யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்கத்தான் வேண்டும். இங்கே அந்தப் பறவையே கொடுத்துவிடுகிறது.

புறப்படும்போது அம்மையார் ஒரு சமாசாரம் சொன்னார். ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு வேலியின் பாட்டரி தீர்ந்துவிட்டது. கொயோட்டி என்கிற குள்ள ஓநாய்கள் புகுந்து பத்தொன்பது பறவைகளை முடித்துவிட்டன. முன்பணம் கட்டியவர்கள் எண்பத்து நான்கு பேர், மிஞ்சியது எண்பது.

"அப்புறம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"நாலு பெயரை அடிக்க வேண்டியிருந்தது. முதலில் என் மகளின் பெயரை அடித்தேன். எங்கள் வீட்டில் இந்த வருஷம் பன்றித் தொடை."

தம்பியின் மனைவி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். திரும்பி வரும் வழியில் அவள் விலையைப் பற்றிப் பேசவில்லை.

பண்டிகை வாரத்துத் திங்கட்கிழமை அறுப்பு. விரும்புகிறவர்கள் வந்து பார்க்கலாம் என்று அம்மையார் சொல்லியிருந்தார். தம்பிக்கு மனம் வரவில்லை. அதனால் நான் மட்டும் போனேன். பறவையைத் தகரப் புனலில் தலைகீழாக இறக்கினார்கள். கழுத்தில் கத்தி வைத்த பிறகு, துடிப்பு அடங்கும்வரை அம்மையார் அதன் தலையைத் தம் கையில் தாங்கிக்கொண்டிருந்தார். யாரும் பேசவில்லை. பிறகு அடுத்தது. எனக்கு என் தாயாரின் ஞாபகம் வந்தது. கிராமத்தில் தாம் வளர்த்த கோழி அடுப்பில் கொதிக்கும் நாட்களில், எங்களுக்கெல்லாம் குழம்பு ஊற்றிவிட்டு அவர் ரசம் சாதம் சாப்பிட்டுக் கையலம்பிவிடுவார். அம்மையார் தம் வீட்டுக்கு வைத்துக்கொள்ளாததில் கணக்கு மட்டுமா இருந்தது என்று யோசித்தேன்.

செவ்வாய்க்கிழமை பறவை வீட்டுக்கு வந்தது. பதினான்கு பவுண்டு, 126 டாலர். நம் கணக்கில் சுமார் 10,500 ரூபாய். தம்பியின் மனைவி மிளகும் பூண்டும் வெண்ணெயும் தடவி, வெப்பமானியைத் தொடையில் குத்திப் பார்த்து, 165 டிகிரி வந்ததும் வெளியே எடுத்தாள். ருசியைச் சொல்ல வேண்டுமானால், பிராய்லருக்கும் நாட்டுக்கோழிக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சதை குறைவு. ஆனால் பல்லுக்கு வேலை உண்டு, நாக்குக்கும் உண்டு.

சாப்பிடுவதற்கு முன் ஒவ்வொருவரும் எதற்காவது நன்றி சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். தம்பி கடவுளுக்கும் வேலைக்கும் சொன்னான். அவன் மனைவி பிரயாணம் வந்த எனக்குச் சொன்னாள். குழந்தை மட்டும் சற்று யோசித்து, "பூட்ஸ் போட்ட பாட்டிக்கு" என்றாள். பிறகு, "கை தட்டினால் கத்தினதே, அதுக்கும்" என்றாள்.

ஒன்பது டாலர் கொடுக்க முடியாத வீடுகள் அந்த நாட்டிலும் ஏராளம். அவர்கள் ஒரு டாலர்ப் பறவையை வாங்கிச் சந்தோஷமாகப் பண்டிகை கொண்டாடுவதைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் நன்றி என்பது கடிதத்தைப் போன்றது. விலாசம் இல்லாமல் போட்டால் எங்கேயாவது சுற்றிக்கொண்டிருக்கும். ஐந்நூறு வருஷமாகத் துருக்கி, இந்தியா, கள்ளிக்கோட்டை, பெரு என்று தப்பான விலாசத்திலேயே அலைந்த ஒரு பறவைக்கு, அந்த வருஷம் ஒரு சாப்பாட்டு மேஜையிலாவது சரியான விலாசம் கிடைத்தது.