தவளைக் கண்ணும் ஆறு கலன் பெற்றோலும்

மூன்று கிழமைகளுக்கு முன்னர் நண்பர் ஒருவரின் மகன், காலிமுகத்திடலில் எடுத்த புகைப்படமொன்றை எனக்கு அனுப்பியிருந்தார். பழைய வாகனங்களின் அணிவகுப்பு. வரிசையில் நான்காவதாக, செக்கச்செவேலென்று ஒரு சிறிய கார் நின்றது. கூரை திறந்திருந்தது. பொனற்றின் மேல் இரண்டு உருண்டை விளக்குகள், தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிய தவளையின் கண்களைப் போல. 'அங்கிள், நீங்கள் முன்னர் வைத்திருந்த கார் இந்த வகைதானே?' என்று கேட்டிருந்தார்.

வகை மட்டுமல்ல. படத்தைப் பெருப்பித்து இலக்கத்தகட்டைப் பார்த்தேன். அதே கார்தான். அந்த இலக்கத்தை இங்கே எழுதப்போவதில்லை. இன்றைய உரிமையாளருக்கு என்னால் தொந்தரவு வேண்டாம். 1972 முதல் 1984 வரை அது என்னிடம் இருந்தது. அப்போது அதன் நிறம் வெளிர் நீலம். சிவப்பு அதற்குப் பொருந்தவில்லை என்பது என் அபிப்பிராயம். விற்றவனுக்கு அபிப்பிராயம் சொல்ல என்ன உரிமை என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட் என்பது அதன் பெயர். 1958 மே மாதத்தில் மொன்றே கார்லோவில் அறிமுகம் செய்யப்பட்டது. இங்கிலாந்தின் அபிங்டன் நகரில், எம்.ஜி. கார்கள் தயாரான அதே தொழிற்சாலையில், 1961 வரை சுமார் 49,000 கார்கள் இந்தத் தவளை முகத்தோடு வெளிவந்தன. முகப்பு விளக்குகளை வேண்டாதபோது உள்ளே மடக்கிக்கொள்ளும்படி அமைப்பதுதான் முதலில் இருந்த திட்டம். செலவு கட்டுப்படியாகாததால் நிலையாகப் பொருத்திவிட்டார்கள். சிக்கனத்தால் வந்த அழகு அது. கதவுக்கு வெளிப்புறத்தில் கைபிடி கிடையாது. உள்ளே கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். டிக்கிக்கு மூடியும் கிடையாது. இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு குகை. பொதிகளை அதற்குள் தலையை விட்டுத் தள்ள வேண்டும். பொனற்றைத் தூக்கினால் விளக்குகள், சில்லுக்காப்புகள் எல்லாம் சேர்ந்து காரின் முன்பாதியே முதலையின் வாய்போல் மேலே எழும். அந்தப் பாரம் ஒரு தடவை என் மெக்கானிக்கின் முதுகில் இறங்கியதும் உண்டு.

இந்தக் காரை ஒரு பறங்கியர் எனக்கு விற்றார். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்திற்குப் பிறகு அந்தச் சமூகத்தவர் குடும்பம் குடும்பமாக அவுஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குக் கார் விற்றவர் மெல்பேர்ன் புறப்பட்ட வாரத்தில் விலை 7,500 ரூபா. நான் அப்போது ஒரு தமிழ்த் தினசரியில் உதவி ஆசிரியன், திருமணமாகாதவன். லம்பிரெட்டா ஸ்கூட்டரை விற்று, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்து, மீதிக்கு நண்பர்களிடம் கை நீட்டி வாங்கினேன். சைவக் கடையில் தோசை தின்கிறவனுக்கு ஸ்போர்ட்ஸ் காரா என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் அடுத்த கிழமையே ஒவ்வொருவராக அதில் ஏறிக் கொள்ளுப்பிட்டி வரை போய் வந்தார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மழை பெய்தால் நனைவோம். கொழும்பின் பின்னேர மழை தொடங்கிக் கூரைத் துணியை இழுத்துப் பூட்டி முடிப்பதற்குள் மழையே விட்டுவிடும். இறக்குமதிகள் முடங்கிக் கிடந்த காலம் அது. பாணுக்கே வரிசையில் நின்ற நாட்டில் ஸ்போர்ட்ஸ் காருக்கு உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்? இங்கேதான் தெகிவளையில் கராஜ் வைத்திருந்த பாஸ் என் வாழ்க்கைக்குள் வருகிறார். எல்லோருக்கும் அவர் பாஸ்தான். பொனற்றைத் தூக்கி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, 'மாத்தயா, இது சட்டை மாற்றிய மொறிஸ் மைனர்' என்றார். உண்மைதான். அக்கால மொறிஸ் மைனரில் இருந்த 948 சிசி எஞ்சின்தான் இதிலும், இரண்டு எஸ்.யு. காபுரேட்டர்களைப் பூட்டிச் சற்று வேகம் கூட்டியிருந்தார்கள், அவ்வளவே. ஸ்டியரிங் அமைப்பும் மைனருடையது. கொழும்பு வீதிகளில் டாக்ஸிகளாக ஓடித் தேய்ந்த மைனர்கள் பஞ்சிகாவத்தைக் கடைகளில் துண்டு துண்டாகத் தொங்கின. என் சீமைக் குதிரை பன்னிரண்டு வருடங்களும் அந்த டாக்ஸிகளின் எலும்புகளில்தான் ஓடியது.

பெற்றோல் முள் மட்டும் சரிவரவில்லை. தாங்கியில் எவ்வளவு இருந்தாலும் அது பாதியிலேயே நின்றது. பாஸ் ஒரு மெல்லிய பிரம்பை எடுத்துச் சீவி, தாங்கிக்குள் விட்டு அளந்து, கத்தியால் ஆறு வெட்டுகள் போட்டுக் கொடுத்தார். ஒரு வெட்டு ஒரு கலன். தாங்கி கொள்வதே ஆறு கலன்தான். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அந்தப் பிரம்பை நான் எத்தனை தடவை உள்ளே விட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

யாழ்ப்பாணத்திற்கு முதன்முதலாக அதை ஓட்டிச் சென்றபோது என் தகப்பனார் முற்றத்தில் நின்று காரை அல்ல, இலக்கத்தகட்டைப் பார்த்தார். கார் இலங்கைக்கு வந்து பதிவானது 1959இல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் வாகனத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்தைக் கொண்டுவந்தார்கள். தமிழ்ப் பகுதிகளில் அந்த எழுத்தின் மேல் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். 1958 மே மாதம் அது எங்கே போய் முடிந்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள். என் தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார், அந்தப் போராட்டத்தில் நின்றவர்.

"இந்த எழுத்தை அழிக்கத் தார் வாளி தூக்கினவன் நான். நீ இப்ப அதைக் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வந்து என்ரை முத்தத்திலை விட்டிருக்கிறாய்" என்றார்.

இரண்டு நாட்கள் அவர் காருக்குக் கிட்ட வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் நல்லூருக்குப் போக வேண்டியிருந்தது. வெளியே வந்து பார்த்தபோது முன் தகட்டின் மேல் அவருடைய சால்வையும் பின் தகட்டின் மேல் ஒரு துவாயும் கட்டியிருந்தன. ஐயா ஏற்கனவே உள்ளே ஏறி அமர்ந்திருந்தார். வழியில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி மறித்து, சால்வையைப் பார்த்து, ஐயாவின் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போகச் சொன்னார். அவரும் ஐயாவின் மாணவர்களில் ஒருவரோ என்னவோ.

அந்தப் பயணங்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்த காலம். வீதிகளில் 'ஹால் பொல்ல' என்ற தடைக்கம்பங்கள். மதவாச்சிக்கு அண்மையில் ஒரு கொன்ஸ்டபிள் டிக்கியைத் திறக்கச் சொன்னார். டிக்கி இல்லை என்றேன். அவர் காரை மூன்று முறை சுற்றி வந்தார். பின்புறத்தைத் தட்டினார், தடவினார், குனிந்து பார்த்தார். மூடி எங்கும் இல்லை. டிக்கி இல்லாத காரைத் தயாரித்த வெள்ளைக்காரனைச் சிங்களத்தில் ஏசிவிட்டுத் தடையைத் தூக்கினார். என் இருக்கைக்குப் பின்னால் அம்மா கட்டிக் கொடுத்த மொட்டைக்கறுப்பன் அரிசி நான்கு கொத்தும் செத்தல் மிளகாயும் இருந்தன. சட்டத்தை மீறினேன். இப்போது ஒப்புக்கொள்வதில் ஆபத்து இல்லை என்று நம்புகிறேன்.

1974 ஜனவரி 10ஆம் திகதி இரவு, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிக் கூட்டத்தில் பொலிஸார் புகுந்து ஒன்பது உயிர்கள் போன பின்னர், குறிப்பேட்டை இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு கொழும்புக்குத் தனியே ஓட்டிவந்ததும் இதே காரில்தான். ஆனையிறவில் உப்புக் காற்று முகத்தில் அறைந்தது. அந்தப் பயணத்தைப் பற்றி வேறு எதுவும் நினைவில் இல்லை.

1975இல் எனக்குத் திருமணம் ஆயிற்று. மகள் பிறந்தாள். இரண்டு பேருக்கான காரில் மூன்று பேர் போனோம். தெருப் பிள்ளைகள் 'கெம்பா, கெம்பா' என்று பின்னால் ஓடிவருவார்கள். சிங்களத்தில் தவளை என்று பொருள். மகள் எழுந்து நின்று அவர்களுக்குக் கையசைப்பாள்.

1983 ஜூலை 23 சனிக்கிழமை. அடுத்த செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணத்திற்கு ஒரு கலியாணவீட்டுக்குப் போவதாக இருந்தோம். தாங்கி நிறையப் பெற்றோல் அடித்து, பிரம்பை விட்டு ஆறாவது வெட்டு நனைந்ததைப் பார்த்து, பிரேக்கைச் சோதிக்கும்படி பாஸிடம் விட்டுவிட்டு வந்தேன். அன்றிரவு திருநெல்வேலியில் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். ஞாயிறு இரவு பொரளையில் தொடங்கியது. திங்கட்கிழமை நண்பகலில் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தார்கள். கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. நாங்கள் பின்மதிலால் ஏறிக் குதித்து அடுத்த வீட்டாரின் குளியலறைக்குள் இருந்தோம், அவர்கள் சிங்களவர்கள். அங்கிருந்து புகையை மணந்தோம். பிறகு இரத்மலானை முகாம். வீடு, என் புத்தகங்கள், இருபது வருடங்களாக வெட்டி ஒட்டி வைத்திருந்த என் கட்டுரைகள், கலியாண அல்பம் எல்லாம் போயின. இவை பலருடைய கதை. நான் விரிக்க விரும்பவில்லை.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் மனைவியோடு தெகிவளைக்குப் போனேன். கராஜின் மூலையில் சாக்குகளும் பழைய ரயர்களும் குவித்து மூடப்பட்டிருந்தன. பாஸ் ஒவ்வொன்றாக எடுத்தார். உள்ளே இரண்டு கண்களும் அப்படியே இருந்தன. ஒரு கீறல்கூட இல்லை. நான் பொனற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்தேன். எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சி. வேறு சொல் போட்டு அதை மறைக்க முடியாது.

"வீடு எரிஞ்சு போச்சு. நீங்கள் காரைத் தடவுறியள்" என்றாள் மனைவி. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. இன்றுவரை அதை இரண்டாம் முறை சொன்னதும் இல்லை.

என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தால், பிரம்பை எடுத்துத் தாங்கிக்குள் விட்டேன். உலர்ந்து வந்தது. மீண்டும் விட்டேன். ஒரு துளியும் இல்லை. நிமிர்ந்து பாஸைப் பார்த்தேன். அவர் கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் அழுக்கு இருக்கவில்லை.

'திங்கட்கிழமை காலை பத்து மணிபோல வந்தார்கள், மாத்தயா. தமிழனுடைய வாகனம் இருக்கிறதா என்று கேட்டார்கள். எல்லாம் நம்முடைய ஆட்களுடையவை என்றேன். தகட்டைப் பார்த்தார்கள். சிங்கள ஸ்ரீதானே, எதுவும் சொல்லாது. அப்படியென்றால் பெற்றோலைத் தா என்றார்கள். தராவிட்டால் காரும் போகும், கராஜும் போகும், நானும் போவேன். குழாயைப் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.'

எந்தப் பக்கம் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. கராஜிலிருந்து எங்கள் ஒழுங்கைக்கு ஒரு மைல் தூரம்தான். காலை பத்து மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் இரண்டு மணித்தியாலங்கள். அவர் என் காரைக் காப்பாற்றினார்; தன் உயிரைப் பணயம் வைத்தே அந்தப் பொய்யைச் சொன்னார். இதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால், அதன் பிறகு ஒவ்வொரு முறை அந்தத் தாங்கியை நிரப்பும்போதும் என் மனம் ஒரு மைல் தூரத்தை அளந்தது. அவரும் அளந்திருப்பார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு என்னிடம் கூலி வாங்க மறுத்துவிட்டார். எவ்வளவு சண்டை பிடித்தும் வாங்கவில்லை.

1984இல் காரை விற்றேன். என் தம்பியைக் கிழக்கு பேர்லின் வழியாக ஜேர்மனிக்கு அனுப்பப் பணம் தேவைப்பட்டது என்பது உண்மையான காரணம். இதைவிட வேறு காரணம் இருந்திருந்தாலும், பணத்தேவை முந்திக்கொண்டது. வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போனபோது பாஸ் வீதிவரை வந்து நின்றார். பிரம்பை அவரிடம் கொடுக்க மறந்துவிட்டோம். அது கராஜின் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பல வருடங்களுக்குப் பின் பாஸ் இறந்த செய்தி கேட்டு அவர் வீட்டுக்குப் போனேன். சடங்குகள் முடிந்ததும் அவருடைய மகன் உள்ளே சென்று அதை எடுத்து வந்து, 'இது உங்களுடையதாம்' என்று தந்தார். அந்த வீட்டில் அவர் அதைப் பற்றி என்ன சொல்லியிருந்தார் என்று நான் விசாரிக்கவில்லை. இப்போது என் மேசையில் பேனைகளோடு நிற்கிறது. ஆறு வெட்டுகளும் தெளிவாகத் தெரிகின்றன.

புகைப்படம் அனுப்பிய பிள்ளை கெட்டிக்காரன். காரின் உரிமையாளரைத் தேடிப் பிடித்துவிட்டான். முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞராம். வார இறுதியில் வந்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கும்படி என்னை அழைக்கிறாராம். என் முழங்கால்கள் இருக்கும் நிலையில் அந்தக் காருக்குள் இறங்கினால் ஏற்றி எடுக்கப் பாரந்தூக்கி வேண்டும் என்று பதில் எழுதினேன். அதோடு, பெற்றோல் முள் இப்போது வேலை செய்கிறதா என்றும் கேட்டிருந்தேன்.

இங்கிலாந்திலிருந்து புதிதாக வருவித்துப் பூட்டியிருக்கிறாராம். துல்லியமாகக் காட்டுகிறதாம்.