பிரிக்காமற் பேணுதல்

அடிக்கடி பிரித்துத் துடைத்துப் பூட்டப்படும் பொறியே பழுதின்றி இயங்கும் என்பது தொழிற்கூடங்களில் நெடுங்காலம் வேரூன்றியிருந்த நம்பிக்கை. விமானத் துறையினர் இதனைச் சமய நெறி போலவே போற்றினர். ஒவ்வோர் உறுப்புக்கும் ஆயுள் உண்டு. அது முடியுமுன் கழற்றிப் புதுப்பித்தால் தீங்கு நேராது என்று எண்ணினர். ஆனால், எத்துணை முறை புதுப்பித்தும் சில உறுப்புகளின் பழுது குறையவே இல்லை. ஆகவே 1960இல் அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அதிகாரிகளும் விமான நிறுவனத்தாரும் ஒரு குழு அமைத்து இந்நம்பிக்கையை ஆராயத் தலைப்பட்டனர்.

யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டான்லி நோலன், ஹோவர்ட் ஹீப் ஆகிய இருவரும் 1978இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு அளித்த அறிக்கை, அவ்வாராய்ச்சிகளின் விளைவை விரித்துரைக்கிறது. நம்பகத்தை மையமாகக் கொண்ட பராமரிப்பு என்னும் பெயரும் அதிலிருந்தே பரவியது. ஆராய்ந்த விமான உறுப்புகளுள் வயது வரம்பு விதிப்பதால் பயன் பெறக்கூடியவை 11 விழுக்காடே. வியப்பு அதனோடு முடியவில்லை. 68 விழுக்காட்டு உறுப்புகள் புதிதாய்ப் பூட்டிய தொடக்கத்திலேயே மிகுதியாகப் பழுதுற்றன. நன்கு ஓடிய ஒன்றைப் பிரித்தவர், அதனை மீண்டும் குழந்தைப் பருவத்து நோய்களுக்கே ஆளாக்கினார் எனலாம்.

டிசி-8 விமானத்தின் தொடக்கத் திட்டத்தில் 339 உறுப்புகளுக்குக் கால வரையறைப்படி முழுப் புதுப்பிப்பு விதிக்கப்பட்டிருந்தது. பின்னர் வந்த டிசி-10 விமானத்தில் அவ்வெண்ணிக்கை 7 ஆயிற்று.

இதனால் பராமரிப்பே வேண்டாம் என்று கொள்வது பெரும் பிழை. 'எப்போது கழற்றுவது?' என்ற கேள்வியின் இடத்தில், 'இது பழுதுற்றால் என்ன நேரும்?' என்ற கேள்வி அமர்ந்தது. பயணியின் தலைக்கு மேலுள்ள படிப்பு விளக்கு அணைந்தால் மாற்றிக்கொள்ளலாம். உயிருக்கு ஊறு விளைக்கும் பழுதோ முன்கூட்டியே அறியப்படவேண்டும். அறிய இயலாதெனின் வடிவமைப்பையே மாற்றவேண்டும். இவ்விரண்டினும் சூழ்ச்சி மிக்கது மறைபழுது. தீயுணர் கருவி செத்துக் கிடப்பது தீப்பற்றும் வரை எவருக்கும் தெரியாது! அதனைப் பிரித்துப் பார்ப்பதைவிட, குறித்த காலத்தில் இயக்கிப் பார்ப்பதே தக்கது.

இம்முறையைத் தம் நிறுவனத்தில் புகுத்த முனைவோர் பெரும்பாலும் இடறுவது கணக்கில் அன்று, மனிதரிடத்தில். முப்பதாண்டுகள் கழற்றிப் பூட்டிய கைவினைஞரிடம், 'உமது உழைப்பில் ஒரு பகுதி தீங்காயிற்று' என்று எவ்வாறு சொல்வது? சில நிறுவனங்கள் அவரை அழைப்பதேயில்லை. வெளியிலிருந்து வந்தவர் படிவங்களை நிரப்பிச் செல்வர்; தடித்த கோப்புகள் அலமாரி ஏறும். பொறியை இயக்குபவரும் பேணுபவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, உறுப்பு உறுப்பாக வாதிட்டு முடிவு செய்வதே இம்முறையின் உயிர். அதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். பொறுமையற்ற மேலாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். ஆனால் எந்தப் பம்பு எந்த மழைநாளில் முனகும் என்பதை அறிந்தவர், அம்மேசையின் கடைக்கோடியில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் அந்தக் கைவினைஞரே.