ஜன்னல் வழியே கிரிக்கெட்

"பெண்களுக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன அம்மா சம்பந்தம்?" என்று எங்கள் காரியாலயத்து நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் பத்திரிகை அச்சுக்குப் போகிற நேரம் தவறிவிடும். ஆகையால், அவரிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணியில். எங்கள் வீட்டு மாடி ஜன்னலைத் திறந்தால் இரண்டு வஸ்துக்கள் தவறாமல் உள்ளே வரும். ஒன்று கடற்காற்று. மற்றொன்று, மாட்ச் நடக்கும் நாட்களில் சேப்பாக்கம் மைதானத்துச் சத்தம். பார்த்தசாரதி கோயில் மணியோசையையும் கிரிக்கெட் ரசிகர்களின் கூச்சலையும் ஒரே காதால் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்குப் பக்தியும் கிரிக்கெட்டும் கொஞ்சம் கலந்து போயிருந்தால் அது என் குற்றமல்ல, ஜன்னலின் குற்றம்!

கதையை 1988-லிருந்து தொடங்க வேண்டும். அந்த வருஷம் தை மாதம் என் அம்மாவுக்குத் தலைப்பொங்கல். மாயவரத்தில் தாத்தா வீட்டில் தடபுடலான ஏற்பாடு. புது மாப்பிள்ளைக்குப் பட்டு வேஷ்டி, மோதிரம், தஞ்சாவூர் வெல்லம், புதுப்பானை எல்லாம் தயார். ஒரே ஒரு குறை. மாப்பிள்ளையைக் காணோம்! அந்தக் காலத்தில் பொங்கலை ஒட்டிச் சென்னையில் டெஸ்ட் மாட்ச் நடப்பது வழக்கம். கல்யாணம் வருகிறது, போகிறது. பொங்கல் டெஸ்ட்டை விட முடியுமா? மேற்கு இந்தியத் தீவுக்காரர்களோடு ஜனவரி 11-ஆம் தேதி மாட்ச் ஆரம்பம். அப்பா அம்மாவை மட்டும் ரயிலேற்றி அனுப்பிவிட்டு, புளியோதரை டப்பாவோடு மைதானத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நரேந்திர ஹிர்வாணி என்ற பத்தொன்பது வயதுப் பையன் ஆடிய முதல் டெஸ்ட் அது. மூக்குக் கண்ணாடி போட்ட அந்தப் பிள்ளை, இரண்டு இன்னிங்ஸிலும் எட்டெட்டாக, 136 ரன்களுக்கு 16 விக்கெட்டுகளை வீழ்த்தினான். இந்தியா 255 ரன்களில் ஜெயித்தது. பொங்கல் பானை ஆறிய பிறகு மாயவரம் வந்து சேர்ந்த அப்பா, வாசற்படி ஏறும்போதே, "பதினாறு விக்கெட்!" என்றாராம். தாத்தா நிதானமாக வெற்றிலையை மடித்தபடி, "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று நான் வாழ்த்தலாம் என்று இருந்தேன். மாப்பிள்ளை அதை மைதானத்திலேயே பெற்றுக்கொண்டு வந்துவிட்டாரே!" என்றாராம்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அந்த 1988-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பொங்கல் சமயத்தில் டெஸ்ட் மாட்ச் நடக்கவே இல்லை. "என் தலைப்பொங்கலைக் கெடுப்பதற்கென்றே காத்திருந்த மாதிரி, கெடுத்துவிட்டு நின்றுவிட்டது" என்று அம்மா சொல்லுவாள்.

ஆனால் அம்மாவுக்குக் கிரிக்கெட் தெரியாது என்று யாராவது நினைத்தால், அவர்கள் ஏமாந்து போவார்கள். அவளுக்குத் தெரிந்த கிரிக்கெட் காது வழியாக வந்தது. சமையலறையில் குழம்பைக் கிளறிக்கொண்டே, "நாலு ரன்" என்பாள். "இது ஆறு" என்பாள். பவுண்டரி என்றால் சத்தம் அலை மாதிரி வந்து மோதிவிட்டுப் போகுமாம். சிக்ஸர் என்றால் சத்தம் படிப்படியாக மேலே ஏறி, பந்து விழுந்ததும் உடையுமாம். எதிராளி அவுட்டானால் பட்டாசுக் கட்டைப் பற்ற வைத்த மாதிரி. நம்மவர் அவுட்டானால் ஒரு பெருமூச்சு, அதன் பிறகு வெறும் காற்று. பிற்காலத்தில் டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு முன்னால் அம்மா சமையலறையிலிருந்து முடிவைச் சொல்லிவிடுவாள். சத்தம் சேப்பாக்கத்திலிருந்து நேரே வருகிறது. படமோ ஆகாயத்துக்குப் போய்ச் செயற்கைக் கோளைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டுமல்லவா? "அவுட்!" என்று அம்மா குரல் கொடுத்த பிறகு, பந்து போடுகிறவர் அப்போதுதான் ஓடி வரத் தொடங்குவார். அப்பாவுக்குக் கோபம் கோபமாக வரும்.

இத்தனை ஞானம் இருந்தும் அம்மா ஒரு நாளும் மைதானத்துக்குப் போனதில்லை. யாரும் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. மாட்சுக்குப் போகிறவர்களுக்குப் புளியோதரை கட்டிக் கொடுக்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டுமே!

எனக்குப் பத்து வயதானபோது அப்பா என்னை அழைத்துப் போனார். 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தானோடு டெஸ்ட், நான்காவது நாள். நமக்கு 271 ரன் இலக்கு. ஐந்து விக்கெட்டுகள் 82 ரன்னுக்குள் போய்விட்டன. டெண்டுல்கர் ஒருவர்தான் மிச்சம். முதுகு வலியோடு நின்று ஆடுகிறார். நான் சும்மா இருப்பேனா? தெருமுனைப் பிள்ளையாருக்குப் பதினொரு சிதறு தேங்காய் வேண்டிக் கொண்டேன். போதாதென்று, வலது காலை மடக்கிய நிலையிலிருந்து மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப் போயிற்று. தேசத்துக்காக ஒரு கால் போனால் என்ன?

17 ரன்கள் பாக்கி இருக்கையில், 136 ரன் எடுத்திருந்த டெண்டுல்கர் அவுட்டானார். மிச்சமிருந்த மூன்று விக்கெட்டுகளும் நாலே ரன்னில் விழுந்தன. 12 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். மைதானத்தில் குண்டூசி விழுந்தால் கேட்கும். நான் விசும்பத் தொடங்கினேன். அப்போது யாரோ ஒருவர் எழுந்து நின்று கை தட்டினார். பிறகு இன்னொருவர். பிறகு மைதானம் முழுவதும் எழுந்து நின்றது. ஜெயித்த பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தார்கள். அப்பா என்னையும் எழுப்பி நிறுத்தி, "தட்டு" என்றார். மரத்துப் போன காலில் நின்று தட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "தோற்றது சத்தம் நின்றதிலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் எதற்குக் கை தட்டினீர்கள்? எனக்கு அதுதான் புரியவில்லை" என்று கேட்டாள்.

"நன்றாக ஆடினார்கள். தட்டினோம்" என்றார் அப்பா.

நான் என் தேங்காய்க் கதையைச் சொல்லி, இனிமேல் பிள்ளையாரோடு பேச்சுவார்த்தை கிடையாது என்று அறிவித்தேன். அம்மா என் தலையைக் கோதியபடி, "அசடே, அந்த ஊரிலும் ஒரு பெண் குழந்தை காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து வேண்டியிருக்கும். இரண்டு பேரில் ஒருத்தி அழத்தான் வேண்டும். சாமி யார் பக்கம் பேசுவார்?" என்றாள். மறுநாள் காலை, தன் சிறுவாட்டுக் காசில் பதினொரு தேங்காய் வாங்கி, என்னை அழைத்துப் போய் உடைக்கச் சொன்னாள். "ஜெயித்தால்தான் கும்பிடுவேன் என்பது கும்பிடு இல்லை, கண்ணு, கடை" என்றாள். சமயச் சொற்பொழிவுகள் எத்தனையோ கேட்டுவிட்டேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

வருஷங்கள் ஓடின. நான் கல்லூரியில் படித்து, பத்திரிகையில் சேர்ந்து, கல்யாணமாகி வேளச்சேரிக்குப் போனேன். அங்கே ஜன்னலைத் திறந்தால் கொசு வரும். மாட்ச் நாட்களில் அந்தச் சத்தம் இல்லாத மாலைப் பொழுது எனக்கு ஊமை போலிருக்கும். அம்மாவுக்கு டெலிபோன் செய்து, "ஜன்னல் பக்கம் பிடி, அம்மா" என்பேன். அவளும் பிடிப்பாள்.

2024-ஆம் வருஷம் மாசி மாதத்தில், ஒரு விடியற்காலையில், யாருக்கும் சிரமம் கொடுக்காமல் அப்பா போய்விட்டார்.

முதல் வருஷம் பண்டிகை கிடையாது. தமிழ் வருஷப் பிறப்பு, ஆடிப் பெருக்கு, பிள்ளையார் சதுர்த்தி எல்லாம் எங்கள் வாசலில் நிற்காமல் அடுத்த வீட்டுக்குப் போயின. அதை நான் எதிர்பார்த்தேன். எதிர்பாராதது வேறொன்று. அப்பா போன சில நாட்களில் ஐ.பி.எல். ஆரம்பமாயிற்று. முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில். சத்தம் வழக்கம்போல் தெருவைத் தாண்டி வந்தது. அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். அந்த ஜன்னல் சாத்தி நான் பார்த்ததில்லை. மழைக்காலத்திலும் ஒரு கதவு திறந்தே இருக்கும். அதன்பின் கோடை முழுவதும், மாட்ச் உள்ள நாட்களில் அது சாத்தியே கிடந்தது.

செப்டம்பரில் வங்க தேசத்தோடு டெஸ்ட் வந்தது. நான் துணிந்து இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் அம்மா முன்னால் வைத்தேன்.

"உனக்கென்ன பைத்தியமா? வருஷம் திரும்பவில்லை. ஊர் என்ன சொல்லும்?" என்றாள்.

ஊர் சொல்வது இருக்கட்டும். எனக்குப் பயம் கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தையிடம். அப்பாவின் அக்கா. எழுபத்தைந்து வயது. ஆசாரத்தில் ஓர் அணுவும் பிசகாதவர். அத்தை டிக்கெட்டை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"கல்யாணத்துக்குப் போகக் கூடாது, பண்டிகை கொண்டாடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மைதானத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. போய்விட்டு வா. அவன் தலைப்பொங்கலுக்கே போன இடம்" என்றார்.

செப்டம்பர் 19, வியாழக்கிழமை. அம்மா வெளிர் நீலப் புடைவை உடுத்திக்கொண்டாள். புளியோதரை கட்டத் தொடங்கியவளிடம், இப்போதெல்லாம் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்று சொன்னேன். "பின்னே எதற்கு மாட்ச்?" என்று கேட்டாள். பெல்ஸ் ரோடு வழியாக நடந்தோம். அம்மாவின் முட்டி வலியையும் சேர்த்து, கால் மணி நேரம்.

ஆட்டம் படு மோசமாக ஆரம்பித்தது. 34 ரன்னுக்கு மூன்று விக்கெட். அம்மா புல்தரையைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடாமல் விழித்தாள். "எல்லாப் பக்கமும் சத்தமாக இருக்கிறதே. எது என்னவென்று தெரியவில்லை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்! உடம்புக்கு என்னவோ என்று பயந்து தோளைத் தொட்டேன். "சும்மா இரு. இப்போதுதான் தெரிகிறது" என்றாள். முப்பத்தாறு வருஷம் காதால் ஆடிய ஆட்டத்தை ஒரே நாளில் கண்ணுக்கு மாற்ற முடியுமா?

144-க்கு ஆறு விக்கெட். அப்போது ஜதேஜாவும் நம் மேற்கு மாம்பலத்து அஸ்வினும் சேர்ந்தார்கள். சத்தம் மாறத் தொடங்கிற்று. "நாலு" என்றாள் அம்மா, மூடிய கண்களோடு. "இது ஆறு." பக்கத்து ஆசனத்துக் கல்லூரிப் பையன்கள் வியந்து போய், பந்துக்குப் பந்து அம்மாவைப் பரீட்சை செய்தார்கள். ஒன்றும் தவறவில்லை. பொழுது சாய்கிற வேளையில் அஸ்வின் சதம் அடித்தார். அந்தச் சத்தத்துக்கு மட்டும் அம்மா கண்ணைத் திறந்தாள். எல்லோரோடும் எழுந்து நின்று கை தட்டினாள்.

அன்று ஆட்டம் முடிந்தபோது 339-க்கு ஆறு. மூன்று நாள் கழித்து, அதே அஸ்வின் ஆறு விக்கெட்டும் எடுக்க, 280 ரன் வித்தியாசத்தில் இந்தியா ஜெயித்தது. அந்த டிசம்பரிலேயே அவர் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார். சொந்த ஊரில் அவர் ஆடிய கடைசி டெஸ்ட், அம்மா பார்த்த முதல் டெஸ்ட்.

கூட்டத்தோடு கூட்டமாக வீட்டுக்கு நடந்தோம். வாசலை நெருங்கும்போது அம்மா நின்றாள். வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"இவ்வளவு பக்கத்திலா போய் உட்கார்ந்திருந்தார் உங்கப்பா?" என்றாள். "நான் ஏதோ ரொம்ப தூரம் என்று நினைத்துவிட்டேன்."

மாடிக்குப் போனவள் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தாள். காற்று வந்தது.

எங்கள் காரியாலய நண்பருக்குப் பதில் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். அடுத்த மாட்சுக்கு அம்மா மூன்று டிக்கெட் வாங்கச் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது டிக்கெட் அத்தைக்காம்!