ஏலகிரிப் பயணமும் இளைப்பாறும் இடங்களும்

எளாவூரில் மலை இல்லை. கிழக்கே பழவேற்காடு ஏரி. ஊரையொட்டி இருப்புப் பாதையும் நெடுஞ்சாலையும். மற்றபடி கண் சென்ற தொலைவெல்லாம் சமநிலம். இங்கே பிறந்து இங்கேயே முதுமையடைந்தவர்களில், மலையென்பதைத் திருமறையின் வசனங்களில் கேட்டதல்லது கண்ணாற் காணாதவர் பலர். நம் தாயாரும் அவர்களுள் ஒருவர்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் வேலூரில் ஓதிக்கொண்டிருந்த நாளில், அந்நகரைச் சூழ்ந்து நிற்கும் பாறைக் குன்றுகளைப் பற்றித் தாயாருக்குக் கடிதம் எழுதினோம். விடுமுறையில் ஊர் திரும்பியபோது, "அந்த மலையை ஒரு நாளைக்கு எனக்கும் காட்டு, வாப்பா" என்றார்கள். காட்டுகிறோம் என்றோம். பின்னர் ஓதிக்கொடுக்கும் பணி வந்தது. திருமணமும் மக்களும் வந்தனர். கொடுத்த வாக்கு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. தாயாருக்கு இன்று எண்பது வயது. முழங்கால்கள் ஒத்துழைப்பதில்லை. இனியும் ஒத்திப்போட நமக்கு உரிமை இல்லையென உணர்ந்து, வரும் தை மாதத்தில் ஏலகிரிக்குச் செல்வதென்று நிய்யத்து வைத்தோம். ஐப்பசி, கார்த்திகையின் அடைமழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிராது.

வண்டி ஓட்டவிருக்கும் நம் மகன் கைப்பேசியில் வழியைக் கணித்தான். சற்றேறக்குறைய 270 கிலோமீட்டர். ஐந்தரை மணி நேரம். நடுவில் உணவுக்காக ஓரிடத்தில் நின்றால் போதும் என்றான். கணக்கில் பிழையில்லை. ஆனால் அது வண்டி ஓடும் நேரமேயன்றி, வண்டிக்குள் இருக்கும் மனிதர்களின் நேரம் அன்று. இதனை நாம் அறிந்தது நம் குற்றம் ஒன்றின் வாயிலாக. அதனை மறைக்காமல் எழுதுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் இல்லத் திருமணத்திற்காகப் பரங்கிப்பேட்டை சென்றோம். நிகாஹ் நேரத்திற்குச் சென்றடைய வேண்டுமென்ற அவசரத்தில் ஓரிடத்திலன்றி வேறெங்கும் வண்டியை நிறுத்தவில்லை. விரைந்து வந்துவிட்டோம் என்று நம்மை நாமே மெச்சிக்கொண்டோம். அன்று மாலை தாயார் மயங்கி விழுந்தார்கள். வந்து பார்த்த மருத்துவர், உடலில் நீர் வற்றியிருக்கிறதென்றார். புறப்பட்டதிலிருந்து தாயார் ஒரு மிடறுகூடத் தண்ணீர் அருந்தவில்லை! தண்ணீர் குடித்தால் வழியில் இறங்க நேரிடும். பெண்கள் ஒதுங்கத் தக்க இடம் கிடைக்குமோ கிடைக்காதோ. தம்மால் பயணம் தடைப்படலாகாது என்று வாய்திறவாமல் தாகத்தைப் பொறுத்திருந்தார்கள். நம் துணைவியாரைக் கேட்டபோது, "பெண்கள் எல்லாருமே அப்படித்தான் பயணம் போகிறோம்" என்றார்கள். ஸபருடைய சட்டங்களை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் நமக்கு, நம் வண்டியின் பின்னிருக்கையில் இருந்த முஸாபிரின் நிலை தெரியவில்லை.

பயணங்களில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூட்டத்தின் பின்னே தங்கி வருவார்கள். தளர்ந்தோரின் வாகனத்தை மெல்லச் செலுத்துவார்கள். நடப்போரைத் தம் பின்னே ஏற்றிக்கொள்வார்கள். அவர்களுக்காக துஆச் செய்வார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலான இச்செய்தி அபூதாவூதில் காணப்படுகிறது. படைத் தலைவர் முன்னே செல்வதே உலக வழக்கம். பலவீனரை முன்னிட்டுப் பயணத்தின் வேகத்தை அமைத்துக்கொள்வது நபிவழி. ஆகவே இம்முறை வரைபடத்தை மூடிவைத்துவிட்டு, தாயாரின் தேவையிலிருந்து திட்டத்தைத் தொடங்கினோம். மூவர் பயணம் செல்லினும் ஒருவரை அமீராக்கிக்கொள்ளுதல் சுன்னத்து. அமீர் பொறுப்பை நாம் ஏற்றோம். வண்டி எப்போது நிற்க வேண்டுமென்று சொல்லும் உரிமையைத் தாயாருக்கு அளித்தோம்.

திட்டம் இதுதான். ஸுப்ஹு தொழுததும் புறப்பாடு. சென்னை நகருக்குள் நுழையாமல், மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலை வழியே நசரத்பேட்டையை அடைந்து பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். திருப்பெரும்புதூரை ஒட்டி முதல் நிறுத்தம். அடுத்தது வாலாஜாவைக் கடந்து மேல்விஷாரத்தில், நம் பழைய மாணவர் ஒருவரின் இல்லம். மூன்றாவதாக வேலூரில், பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவின் வாயிலருகே சற்று நேரம். மகன் ஓதிய ஊரைத் தாயார் இதுவரை கண்டதில்லை. நண்பகலில் ஆம்பூர், நம் சம்பந்தியின் இல்லம். ஒவ்வொரு நிறுத்தத்திற்கும் இடையே ஒன்றரை மணி நேரத்திற்கு மிகாமல் பார்த்துக்கொண்டோம். பெண்கள் ஒளுச் செய்யவும் ஒதுங்கவும் வசதி உண்டா என்று ஒவ்வோரிடத்திற்கும் முன்கூட்டியே பேசி உறுதி செய்தோம். பள்ளிவாசல் எங்கும் உண்டு. பெண்களுக்கான இடம் எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. இதனை ஆண்களாகிய நாம் எண்ணிப் பார்ப்பதே அரிது.

தொழுகையும் திட்டத்தின் ஒரு பகுதியே. ஷாபிஈ மத்ஹபினராகிய நமக்கு, ஊரெல்லையைக் கடந்தபின் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கவும், ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழவும் சலுகை உண்டு. ஆம்பூரிலிருந்து வந்த நம் மருமகள் ஹனபி மத்ஹபினர். அவர்கள் மத்ஹபில் பயணத்தில் கஸ்ரு உண்டு, இவ்வாறு சேர்த்துத் தொழுவது இல்லை. ஆகவே நாம் ஆம்பூரிலேயே இரண்டையும் சேர்த்துத் தொழுதுவிட்டாலும், அவர்கள் அஸருக்காக மலைமேல் ஓர் இடமும் நேரமும் ஒதுக்கினோம். நம் சலுகை பிறருக்குச் சுமையாகிவிடலாகாதன்றோ?

வாணியம்பாடியைத் தாண்டியபின் மலையடிவாரத்தில் பொன்னேரி என்றோர் ஊர். நம் அண்டை ஊரும் பொன்னேரிதான்! ஒரு பொன்னேரியின் பக்கமிருந்து புறப்பட்டு இன்னொரு பொன்னேரியில் மலையேறுகிறோம் என்றதும் தாயார் சிரித்தார்கள். அங்கே ஐந்தாவது நிறுத்தம். ஏலகிரி கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமுடையது. ஏறும் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குப் புலவர்கள் எழுவரின் பெயர்களும், கடையெழு வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பெற்றுள்ளன. பாடியவரும் ஈந்தவரும் ஒரே சாலையில் நிற்பதை எண்ணுகையில், நம் நெஞ்சம் உமறுப் புலவரையும் வள்ளல் சீதக்காதியையும் அவ்வரிசையில் சேர்த்துக்கொள்கிறது.

மலைப்பாதைக்கென மகனிடம் சில வாக்குறுதிகள் பெற்றோம். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இது சாலை விதி. இறங்கும்போது பிரேக்கை ஓயாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும். இருட்டியபின் மலைப்பாதையில் வண்டி ஓடலாகாது. வளைவுகளில் தலைசுற்றல் வருமாதலால் பகலுணவு எளிய உணவாகவே இருக்கும். சம்பந்தி வீட்டாரின் அன்பை மீறி ஆம்பூர் பிரியாணியைத் திரும்பும் பயணத்திற்கு ஒத்திவைத்தோம். இத்திட்டத்தில் பேரப்பிள்ளைகளின் எதிர்ப்பைப் பெற்ற பகுதி இது ஒன்றே. தாயாருக்கு முன்னிருக்கை. ஏறுகையில் தக்பீரும் இறங்குகையில் தஸ்பீஹும் சொல்வது ஸஹாபாக்களின் வழக்கம். வளைவுக்கு ஒருமுறை சொல்வதெனப் பிள்ளைகள் முடிவு செய்துள்ளனர்.

திட்டத்தில் ஒன்றை நாம் விட்டுக்கொடுத்தோம். ஏலகிரிக்கு அணித்தே சவ்வாது மலைத்தொடரில் காவலூர் வானாய்வு நிலையம் உள்ளது. அங்கு 1986ஆம் ஆண்டு முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கியைக் காண நமக்கு நெடுநாள் ஆசை. கிப்லாவும் தொழுகை நேரமும் கணிக்கும் பலக்குக் கலையைப் பயின்றவனுக்கு அவ்வாசை இயல்பே. எனினும் அதற்கு இன்னொரு மலைப்பாதையில் ஏற வேண்டும். தாயாரின் முழங்கால்களை எண்ணி அப்பெயரை அடித்துவிட்டோம். நாற்பதாண்டுகள் அவர்கள் காத்திருந்தார்கள். நாம் ஓராண்டு காத்திருக்கலாம்.

எழுதி முடித்த தாளைத் தாயாரிடம் படித்துக் காட்டினோம். ஊர்களையும் நேரங்களையும் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்கள்: "அப்படியென்றால் இந்தத் தடவை வழியில் தண்ணீர் குடிக்கலாமா, வாப்பா?"

குடிக்கலாம் என்றோம். அதற்குமேல் நம்மால் பேச இயலவில்லை.

பயணம் புறப்படும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் நாம் சொல்ல விரும்புவது இதுவே: வரைபடத்தைப் பார்க்குமுன் உங்கள் வண்டியில் வாய்திறவாமல் அமர்ந்திருப்பவரைப் பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் பயணங்களை எளிதாக்கி, பெற்றோர்க்குக் கொடுத்த வாக்குகளைக் காலம் கடக்குமுன் நிறைவேற்றும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.